முதிர்ந்த சருமப் பிரிவில் முதல் பரிசு

மாநில முகப்பொலிவுத் திறன் கழகம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டுவிடக் கூடாது, கோபம் வரும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் அதன் மாவட்டக் கிளை. படியேறியதும் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வழியை மறிக்கும். ‘முகத்தைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே வரவும்’ என்று அதன் மேல் எழுதியிருக்கும்.

பொற்கொடி பன்னிரண்டு நாள் அந்தக் கண்ணாடியில் முகத்தைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போய்வந்தாள். கொடும்பாளூருக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரி, கொத்தனார் செல்லமுத்துவின் மனைவி. பத்து வருடமாகச் சுற்றுவட்டாரக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறாள். இப்போதெல்லாம் பெண்கள் முதல் கேள்வியாக, “ஏர்பிரஷ் இருக்காக்கா?” என்கிறார்கள். இல்லையென்றால் திருச்சிக்குப் போய்விடுகிறார்கள். கழகத்தில் பயிற்சி எடுத்தால் மெஷினும் தருவார்கள், சான்றிதழும் தருவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சேர்ந்தாள். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இனிமேல் பிழைப்பு ஓடாது என்ற நிலை.

தொடக்க விழாவில் மாவட்ட முகப்பொலிவு அலுவலர் ஆத்மநாதன் முக்கால் மணி நேரம் பேசினார்.

“முகம் என்பது தனியார் சொத்து அல்ல. தினமும் காலையில் நீங்கள் கழுவுவது மாவட்டத்தின் முகத்தை. இம்மாவட்டத்தில் பல லட்சம் முகங்கள் எந்தத் திட்டத்தின் கீழும் வராமல் சும்மா திரிந்துகொண்டிருக்கின்றன. அதை எண்ணினால் எனக்குத் தூக்கமே வருவதில்லை” என்றார். மேடையில் அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் மெஷினைக் கொடுத்தார்கள். பேனா அளவில் நிறத்தைத் தூவுகிற ஒரு கன், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்ரஸர், இரண்டையும் இணைக்கிற ரப்பர் குழாய், எண் போட்ட ஃபவுண்டேஷன் பாட்டில்கள் பன்னிரண்டு, கழகத்தின் பெயர் போட்ட ஒரு நீல ஏப்ரன். ஒரே ஒரு நிபந்தனை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை மாடலாக வைத்து வீட்டிலேயே ஒப்பனை செய்து, அதற்கு முன் படம், பின் படம் இரண்டையும் ஏழு நாளுக்குள் கழகத்தின் செயலியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மெஷின் திரும்பப் பெறப்படும்.

வீட்டில் முதல் சோதனை செல்லமுத்துவின் முழங்கையில் நடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் பொற்கொடி விசையை அழுத்திவிட்டாள். ஆறாம் எண் ஃபவுண்டேஷன் முழங்கையை விட்டுவிட்டுக் காலண்டரில் இருந்த முருகனுக்கும், செல்லமுத்துவின் பனியனுக்கும், சோற்றுப் பானை மூடிக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. “சொவத்துக்குப் பெயிண்ட் அடிக்கவாச்சும் ஆவும்” என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போனான். ரெண்டு நாளில் கை பழகிவிட்டது. விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் நிறம். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மூக்கருகே அடிக்கும்போது மாடல் மூச்சை அடக்க வேண்டும்.

மாடலுக்குப் பக்கத்து வீட்டு மூக்காயி சம்மதித்தாள். ஐம்பத்தாறு வயது, மாடு இரண்டு, ஓயாத வாய். அவளும் புருஷன் சிவசாமியும் மட்டும்தான் வீட்டில். மகன் கோபிநாத் சிங்கப்பூரில்.

“ஏண்டி, வலிக்குமா?” என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வெறும் காத்துதான் அத்தை. நெத்தியில ஊதிவிட்ட மாதிரி இருக்கும்.”

“நல்லாப் பண்ணி ஒரு போட்டோ எடுத்துக் குடு. ரேசன் கார்டுலயும் சரி, ஆதார்லயும் சரி, களவாணி மாதிரியே விழுந்துருக்கேன். ஒன் மாமா பாத்துப் பாத்துச் சிரிக்கிறாரு.”

பொற்கொடி செயலியைத் திறந்து பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் போட்டாள். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு கோடு வந்தது. அதற்குள் முகத்தை வைத்து முன் படம் எடுத்தாள். மூக்காயி கண்ணை அகல விரித்து, செயலியையே அதட்டுகிற மாதிரி பார்த்திருந்தாள். கம்ப்ரஸரைப் போடப் போன நேரம் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள், வரவில்லை.

“மாட்டுக்குத் தண்ணி காட்டணும். நாளைக்கு வாரேன்டி, மூஞ்சியக் கழுவிட்டுச் சுத்தமா வாரேன்” என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்தவள் தொட்டியோரமே சரிந்து விழுந்தாள். தூக்கிப் போட்டுக்கொண்டு ஆட்டோ கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது.

கோபிநாத் போன வாரம்தான் புதுக் கம்பெனிக்கு மாறியிருந்தான், அவனை விடவில்லை. கொள்ளி வைக்கும் பொறுப்பு சிவசாமி தலையிலேயே விழுந்தது. பிள்ளை வீடியோ காலில் தாய் முகத்தைப் பார்த்தான். ஐஸ் பெட்டிக்குள் அந்த முகம் கறுத்துக் கிடந்தது. விழுந்ததில் கன்னத்தில் ஒரு கன்றல் வேறு.

“அம்மா மொகம் ஏன்க்கா இப்புடிக் கெடக்கு? என்னால பாக்க முடியல. ஏதாச்சும் பண்ணுங்கக்கா” என்று பொற்கொடியிடம் அழுதான்.

குளிப்பாட்டி மஞ்சள் பூசி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்திய பிறகு, பொற்கொடி கம்ப்ரஸரை எடுத்துக்கொண்டு வந்தாள். அது கொர்ரென்று ஓட ஆரம்பித்ததும் ஒப்பாரி நின்றது. அத்தனை பெண்களும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு இருந்தார்கள். உயிருள்ள தோல் நிறத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். இந்தத் தோல் வாங்கவில்லை, நிறம் மேலேயே பனியாக நின்றது. துணியால் ஒற்றி ஒற்றி எட்டாம் எண்ணை அடித்தாள், பிறகு ஒன்பதை. மூக்கருகே அடிக்கும்போது, “மூச்ச அடக்கிக்குங்க அத்தை” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

கடைசியில் மூக்காயி தூங்குகிற பெண்ணாக இருந்தாள். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு அழகாக இருந்ததில்லை என்று சிவசாமி சொன்னார். கோபிநாத்துக்கு அனுப்பப் பொற்கொடி அவசரமாகப் போனை எடுத்துப் படம் பிடித்தாள். முட்டை வடிவக் கோட்டை அவள் கவனிக்கவில்லை. செயலி முந்தின நாளிலிருந்து மூடப்படாமல் பின் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. படம் ஏறிவிட்டது. திரையில் பூ உதிர்ந்து, ‘வாழ்த்துகள்! உங்கள் மாடல் புத்துயிர் பெற்றுள்ளார்’ என்று வந்தது.

அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று பொற்கொடிக்குப் பட்டது. சாவு நடந்த நான்காம் நாள் கழகத்துக்குப் போனாள். அங்கே பிரவீன்குமார் என்ற கணினிப் பணியாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மாடல் விலகலா? விலகலுக்கு மூணு காரணம்தான்க்கா இருக்கு. திருமணம், இடம்பெயர்வு, ஒவ்வாமை. எது?”

“செத்துட்டாங்க தம்பி.”

“அதுக்குக் கட்டம் இல்லக்கா. இடம்பெயர்வுன்னு போடவா? போட்டா புது விலாசம் கேக்கும்.”

புது விலாசம் பொற்கொடிக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட்டாள்.

ஆறாம் நாள் மூக்காயியின் போன் அடித்தது. மாடத்தில் சார்ஜில் கிடந்த அந்தப் போனை அவள் போன பிறகு யாரும் தொடவில்லை. சிவசாமி எடுத்தார். ஒரு பெண் குரல், மிகவும் அன்பாக: “மூக்காயி அவர்களே, வணக்கம். உங்கள் முகம் இப்போது எப்படி இருக்கிறது? நன்றாக இருந்தால் எண் ஒன்றை அழுத்தவும். முன்பைவிட மோசமாக இருந்தால் எண் இரண்டை அழுத்தவும்.”

சாயங்காலம் அவர் பொற்கொடியிடம் அதைச் சொன்னார்.

“நல்லாருந்தா ஒண்ண அமுத்தச் சொன்னுச்சுத்தா. நல்லாத்தான இருந்தா? அமுத்திட்டேன்.”

அந்த ஒன்று, மாடலின் முழு ஒப்புதல் என்று கழகத்தில் பதிவானது. அடுத்த நாளே முடிவு வந்தது. முதிர்ந்த சருமப் பிரிவில் மாவட்டத்தில் முதல் பரிசு. மதிப்பீட்டுக் குழு எழுதியிருந்த குறிப்பைப் பொற்கொடி போனில் படித்தாள். ‘மாடலின் ஒத்துழைப்பு அபாரம். சிறிதும் அசையவில்லை. மூச்சை அடக்கிய விதம் பிற மாடல்களுக்கு முன்னுதாரணம். முன் படத்தில் தெரியும் வாழ்க்கைக் கவலைகள் பின் படத்தில் முற்றிலும் நீங்கியுள்ளன.’ அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஒன்பதாம் நாள் கழக மாடியின் வெளிச்சுவரில் லாரி அளவுக்கு ஃப்ளெக்ஸ் ஏறியது. ‘முகம் மாறும்! வாழ்வு மாறும்!’ என்ற எழுத்துக்குக் கீழே, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி மூக்காயி. முன் படம் மூலையில் சின்னதாக, பின் படம் நடுவில் பிரம்மாண்டமாக. ஆனால் பின் படத்தில் அவள் கண் திறந்திருந்தது. பொற்கொடி ரோட்டிலேயே நின்றுவிட்டாள். அவள் எடுத்த படத்தில் கண் மூடித்தான் இருந்தது.

பிரவீன்குமார் பெருமையோடு விளக்கினார். “சாருக்குக் கண்ணு மூடியிருந்தது புடிக்கலக்கா. மாடல் மக்களப் பாக்கணும்னாரு. முன் படத்துல இருந்த கண்ண எடுத்து இதுல வச்சேன். பொருத்தமா இருக்குல்ல?”

பொருத்தமாகத்தான் இருந்தது, அதுதான் பயம். முகம் செத்த முகம், கண் உயிரோடு இருந்த கண். செயலியை அதட்டிய அதே பார்வையோடு, ரோட்டில் எந்தப் பக்கம் போனாலும் மூக்காயி பார்த்தாள். பூக்காரம்மா ஒருத்தி இரண்டே நாளில் கடையை அங்கிட்டுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

சிவசாமிக்குச் செய்தி தெரிந்த நாளிலிருந்து தினமும் காலை பஸ் ஏறி, இலுப்பூர் வழியாகப் புதுக்கோட்டைக்கு வந்தார். ஃப்ளெக்ஸுக்கு எதிரே பஸ் ஸ்டாண்டுச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கடைசி பஸ்ஸுக்குத் திரும்புவார். மாடு கன்று போட்டதையும், தண்ணித்தொட்டி ஒழுகுவதையும் அவளிடம் மெதுவாகச் சொல்வார். பார்த்தவர்கள் போன் பேசுகிறார் என்று நினைத்தார்கள். ஊரில் பதினாறாம் நாள் கருமாதிக்கு ஆள் சொல்ல உறவினர்கள் கிளம்பியபோது, செய்ய முடியாது என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

பொற்கொடி அந்தப் பெஞ்சுக்கே போய்க் கெஞ்சினாள். “மாமா, கொள்ளி வச்சவரு நீங்க. நீங்க செய்யலைன்னா அத்தை எப்புடிப் போவும்?”

“போயிட்டாளாக்கும்?” என்று அவர் மேலே கையைக் காட்டினார். “பாரு, கண்ணத் தொறந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. பாத்துக்கிட்டு இருக்கறவளுக்கு எப்புடித்தா எள்ளும் தண்ணியும் எறைக்கிறது? நீதான அவள இப்புடி எழுப்பி உக்கார வச்ச?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது பொற்கொடியை அறுத்தது. அவளுக்கு மெஷினும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பதினாறுக்குள் அந்த முகம் இறங்க வேண்டும். அது இறங்கவில்லை என்றால் மூக்காயியும் போக மாட்டாள், சிவசாமியும் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

பதினான்காம் நாள் இறப்புச் சான்றோடு ஆத்மநாதன் முன்னால் போய் நின்றாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மேடையில் பேசுகிற குரலில் பேசினார்.

“இங்க பாரும்மா. இந்தச் சான்றுப்படி மாடல் ஒன்றாம் தேதி காலமாகியிருக்கிறார். கழகப் பதிவேட்டின்படி அதே மாடல் ஆறாம் தேதி தமது முகம் நன்றாக இருப்பதாக ஒப்புதல் அளித்திருக்கிறார். இரண்டும் ஆவணம். ஒன்று, அவர் சாகவில்லை. அல்லது, கழகம் தவறு செய்துவிட்டது. கழகம் தவறு செய்வதற்கு விதிமுறையில் இடம் கிடையாது. எனவே நான் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்று நீயே சொல்.”

“ஐயா, அந்த ஃப்ளெக்ஸ மட்டும் எறக்கிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“தாராளமாக இறக்கலாம். ஒப்புதல் தந்த மாடல் நேரில் வந்து, ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தால் போதும். வரும்போது முகத்தைக் கொண்டுவர வேண்டும், அதை வைத்துத்தான் சரிபார்ப்போம்.” கொஞ்சம் இரக்கமாகவும் பேசினார்: “நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. என் அம்மா போனபோதும் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். அதில் நான்கு நாள் பொது விடுமுறையில் வந்துவிட்டது. அந்த வேதனை இன்றைக்கும் இருக்கிறது.”

மறுநாள் பட்டப்பகல் பதினோரு மணிக்குப் பொற்கொடி நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கம்ப்ரஸரும் பாட்டில்களுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கீழே இருந்த ஜூஸ் கடையில் ஏணியை இரவல் வாங்கினாள், மின் இணைப்பும் கேட்டு வாங்கினாள். கழகத்தின் ஏப்ரனைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. காவலாளி ஏணிக்கு இடம் விட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். இரண்டு முறை ஆத்மநாதனின் கார் வந்து போனது. அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, ‘பராமரிப்பு நடக்கிறது’ என்று திருப்தியோடு தலையசைத்துவிட்டுப் போனார்.

சிவசாமி பெஞ்சை விட்டு எழுந்து வந்தார். “என்னத்தா பண்ணப் போற?”

“ஏணியப் புடிங்க மாமா.”

அவர் பிடித்துக்கொண்டார். ஒன்பதாம் எண்ணும் எட்டாம் எண்ணும் கலந்து, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றி அவள் அடிக்க ஆரம்பித்தாள். கன் விடுகிறது விரல் அகலப் புகை, அந்தக் கண்ணோ ஒரு முழம். கருவிழி மங்குவதற்கே அரை மணி நேரம் ஆனது. சுற்றிலும் வெள்ளை, பிறகு இமைக்கோடு. மேல் இமையைக் கன்னத்து நிறத்தில் கீழே இழுத்து, ஓரத்தில் பதினோராம் எண்ணால் மெல்லிய நிழல் போட்டாள். ஒரு கண் மூடியது. இன்னொரு கண் மட்டும் திறந்திருந்தது இன்னும் பயங்கரமாக இருந்தது. ஏணியை நகர்த்திப் போட்டாள். மறுபடி ஏறப் போனவள் நின்று, கையிலிருந்த கன்னை அவரிடம் நீட்டினாள்.

“இந்தக் கண்ண நீங்க மூடுங்க மாமா.”

சிவசாமி அதைக் கொஞ்ச நேரம் வாங்கவில்லை. “அன்னைக்கும் நாந்தான் மூடியிருக்கணும். கோபி போன்ல அழுதுக்கிட்டே இருந்தான், அவனச் சமாதானம் பண்ணிக்கிட்டு நின்னேன். வேற யாரோ மூடிட்டாக” என்றார். வாங்கிக்கொண்டு ஏறினார். அவருக்குப் பின்னால் ஒரு படி கீழே நின்று, பொற்கொடி அவர் கையைப் பிடித்து விசையை அழுத்தவும் இழுக்கவும் காட்டினாள். கருவிழி மறையப் போகிற நேரம் அவர் கையை எடுத்துவிட்டார். அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே யாரோ ஒரு கண்டக்டர் அறந்தாங்கி, அறந்தாங்கி என்று கத்திக்கொண்டு இருந்தார். பிறகு அவராகவே விசையை அழுத்தினார். அந்த இமை கொஞ்சம் கோணலாக வந்தது, திருத்த வேண்டாம் என்று பொற்கொடி விட்டுவிட்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று இரண்டு பேரும் பார்த்தார்கள். மூக்காயி தூங்கிக்கொண்டு இருந்தாள். சிவசாமி துண்டை உதறித் தோளில் போட்டார், பகல் பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பினார். மறுநாள் கருமாதி முறையாக நடந்தது.

அடுத்த வாரம் பிரவீன்குமாரும் இன்னொருவரும் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். கழகக் கருவியைத் தோல் அல்லாத பரப்பில் பயன்படுத்தியது விதிமீறலாம். போகும்போது சிவசாமி வீட்டில் ஒரு நோட்டீஸும் கொடுத்தார்கள். பொற்கொடிதான் அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். ‘முதிர்ந்த சருமப் பிரிவு மாடல் திருமதி மூக்காயி, பரிசளிப்பு விழாவுக்கு முன்பாக, எவ்வித முன் அனுமதியும் இன்றிக் கண்களை மூடிக்கொண்டது ஒழுங்கீனமாகக் கருதப்படுகிறது. எவர் அனுமதியின் பேரில் அவ்வாறு செய்தார் என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்.’

சிவசாமி கன்றுக்குட்டியை அவிழ்த்துத் தாயிடம் விட்டுக்கொண்டு இருந்தார். கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எழுதிக் குடுத்துருத்தா. அவ போயிட்டான்னு எழுது. நாந்தான் அனுப்பி வச்சேன்னு எழுது.”

பொற்கொடி எழுதினாள். அவர் அதன் கீழே கைநாட்டு வைத்தார்.